ஓர் உமிக்குள் அறுபது ஜூல்

ஒரு நெல்லை எடுத்து நகத்தால் பிளந்து பாருங்கள். அரிசி தனியே வந்துவிடும். கையில் இரண்டு சின்ன ஓடுகள் மிஞ்சும். ஒன்று அகலம், மற்றது குறுகல். விளிம்புகளில் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருந்த தடம் தெரியும். வெளிப்புறம் சொரசொரப்பு, உள்புறம் வழவழப்பு. இரண்டையும் சேர்த்து நிறுத்தால் நான்கைந்து மில்லிகிராம்தான் இருக்கும். ஊதினால் பறந்துவிடும் இந்தப் பொருளை மிச்சமில்லாமல் எரித்தால் வெளிவரும் வெப்பம் ஏறத்தாழ 60 ஜூல். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தெருவிலிருந்து இரண்டாம் மாடிக்குத் தூக்கத் தேவைப்படும் ஆற்றலும் 60 ஜூல்தான்.

ஒரு கிலோ நெல்லில் சுமார் 45,000 மணிகள் உண்டு. அதில் ஐந்தில் ஒரு பங்கு எடை உமி. மன்னார்குடிப் பக்கம் ஓர் ஏக்கரில் இரண்டேகால் டன் நெல் கண்டால் 450 கிலோ உமி அதோடு சேர்ந்தே விளைகிறது. நான்கரை கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும் குவியல் அது. சுந்தரக்கோட்டையில் இருக்கும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நவீன அரிசி ஆலை முதல் டெல்டாவெங்கும் உள்ள தனியார் ஆலைகள் வரை, நெல் அரைக்கும் இடமெல்லாம் உமி மலையாகக் குவியும். ஆலைகள் அதைத் தங்கள் பாய்லரிலேயே போட்டு எரித்து, அந்த நீராவியில் நெல்லை அவித்துப் புழுங்கல் அரிசி ஆக்குகின்றன. கிலோவுக்கு 3,000 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் தரும் எரிபொருள் இது. நம் அனல்மின் நிலையங்களுக்கு வரும் நிலக்கரியில் எடைக்கு எடை முக்கால் பங்குக்குக் குறையாத சூடு. கந்தகம் கிட்டத்தட்ட இல்லை.

இவ்வளவு நல்ல எரிபொருள் ஏன் இவ்வளவு கரும்புகை கக்குகிறது? ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் மாடியில் காயப்போட்ட வேட்டியில் கரித்தூள் ஏன் விழுகிறது? பொறியியல் கல்லூரிகளும் ஆய்வகங்களும் பல பத்தாண்டுகளாக மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி இது. பதிலைத் தேடிப் போனால், நெருப்பைப் பற்றி நமக்குத் தெரிந்ததாக நினைத்த பலவும் தலைகீழாகிவிடும்.

முதல் தலைகீழ்: சுடர்விட்டு எரிவது உமி அல்ல. உமியிலிருந்து கிளம்பும் வாயுதான் எரிகிறது. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே மெழுகுவத்தியை வைத்துச் சிறுவர்களுக்கு நடத்திய சொற்பொழிவுகளில் இதைக் கண்முன் காட்டினார். நீங்களும் செய்து பார்க்கலாம். எரியும் மெழுகுவத்தியை ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளைப் புகை ஓர் இழையாக மேலெழும். திரியைத் தொடாமல், அந்தப் புகையில் மட்டும் தீக்குச்சியைக் காட்டுங்கள். நெருப்பு புகை வழியே கீழிறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். அந்த வெள்ளைப் புகை உண்மையில் எரியாமல் தப்பிய மெழுகு.

உமியில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆய்வகங்களில் ஓர் அழகான கருவி இருக்கிறது. நகத்தளவு கிண்ணத்தில் சில மில்லிகிராம் உமியை வைத்து, நுட்பமான தராசில் தொங்கவிட்டு, நிமிடத்துக்குப் பத்து டிகிரி வீதம் சூடேற்றுவார்கள். எடை குறைவதைக் கணினி கோடாக வரையும். நூறு டிகிரி செல்சியஸை ஒட்டி ஈரம் போகிறது. பிறகு கொஞ்ச நேரம் எடை அசையாது. 220 டிகிரியைத் தாண்டியதும் நாரின் ஒரு பகுதி உடைந்து வாயுவாகிறது. 315 முதல் 400 டிகிரிக்குள் செல்லுலோஸ் ஒரே சரிவாகக் கரைந்து போகிறது. மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் மட்டும் பிடிவாதம் பிடித்து மெதுவாகச் சிதைந்துகொண்டே இருக்கும். சூட்டில் இப்படி உடைந்து வாயுவாவதற்கு வெப்பச்சிதைவு என்று பெயர். உமியின் எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் இப்படி ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது கரியும் சாம்பலும்.

அந்த வாயு எரிய மூன்று வேண்டும்: போதிய சூடு, போதிய நேரம், காற்றோடு போதிய கலப்பு. காற்றின் கணக்கு பிரமிக்க வைக்கும். ஒரு கிலோ உமி பத்து லிட்டர் வாளி ஒன்றில் அடங்கும். அது முழுதாக எரிய நாலரை கிலோ காற்று வேண்டும். அதே வாளியால் அளந்தால் 380 வாளி. அதில் முக்கால் பங்குக்கு மேல் எரிப்பதற்கு உதவாத நைட்ரஜன்; சும்மா வந்து, சூடாகி, புகைபோக்கி வழியே வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். காற்று குறைந்தால் வாயு எரியாமல் தப்பும். கூடினால் அடுப்பு குளிர்ந்து, அதனாலும் எரியாமல் தப்பும். பாய்லர் பயர்மேன் புளோயரைக் கூட்டிக்கொண்டும் குறைத்துக்கொண்டும் இருப்பது இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகலான இடத்தைப் பிடிக்கத்தான். கண்ணும் காதுமே அவருக்கு அளவுகோல். அது லேசான கைத்திறன் அல்ல.

மஞ்சள் சுடருக்குள் என்ன நடக்கிறது என்பது இன்னொரு விந்தை. அந்த மஞ்சள், நெருப்பின் சொந்த நிறமல்ல. வாயுவுக்குள் பிறந்த கரித்துகள்கள் சூட்டில் பழுத்து ஒளிர்வதுதான் நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. ஒவ்வொன்றும் தலைமுடியின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது. சுடரின் நுனிவரை சூடும் காற்றும் இருந்தால் இவை பிறந்த இடத்திலேயே எரிந்து மறையும். நடுவில் குளிர்ந்த இரும்பில் பட்டால் அப்படியே உறைந்து கரியாகப் படிந்துவிடும். விறகடுப்பில் பாத்திரத்தின் அடி கறுப்பதும் பாய்லர் குழாயில் கரி படிவதும் ஒரே காரணத்தால்தான். கொழுந்துவிட்டு எரியும் வாயுவைக் குளிர்ந்த குழாயில் பட விடாமல், முதலில் சுட்ட செங்கல் சுவர்களுக்கு நடுவே முழுதாக எரியவிட்டு, பிறகு குழாய்ப்பக்கம் அனுப்பினால் புகை பெருமளவு குறைந்துவிடும். அடுப்புக்கும் குழாய்க்கும் இடையே ஓர் அறை, அவ்வளவே வித்தியாசம்.

சுடரின் உள்ளே எட்டிப் பார்க்க இப்போது லேசரே வந்துவிட்டது. எரிதல் ஆராய்ச்சிக்கென்றே சென்னை ஐஐடியில் ஒரு தேசிய மையம் இயங்குகிறது. இத்தகைய ஆய்வகங்களில் லேசர் ஒளியை மெல்லிய தகடாக விரித்துச் சுடரைக் குறுக்கே வெட்டுவார்கள். நீர் மூலக்கூற்றில் ஒரு ஹைட்ரஜனைப் பிய்த்தெடுத்தால் மிஞ்சும் துண்டு ஒன்று, வாயு மும்முரமாக எரியும் இடத்தில் நிறைந்திருக்கும். சரியான அலைநீளத்தில் லேசர் பட்டதும் அது மட்டும் மினுங்கும். நொடியின் மிகச் சிறிய பின்னத்தில் கேமரா அதைப் படம்பிடிக்கும். கண்ணுக்குச் சீராகத் தெரியும் சுடர், படத்தில் கிழிந்து மடிந்து சுருண்ட துணியாக இருக்கும். அந்த மடிப்புகளில்தான் காற்றும் எரிவாயுவும் கலக்கின்றன. எங்கே கலக்கவில்லையோ அங்கேதான் புகை பிறக்கிறது.

இந்தக் கரித்துகளின் செயல் நம் ஊர் மாடியோடு முடிவதில்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, பிறகு அமெரிக்காவில் வானிலை அறிவியலில் பெயர்பெற்ற வீரபத்ரன் ராமநாதன், 2008-இல் கிரெகரி கார்மைக்கேலோடு சேர்ந்து எழுதிய ஆய்வில் ஒரு கணக்கைக் காட்டினார்: பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவுக்கு அடுத்த இடம் காற்றில் மிதக்கும் கரித்துகளுக்கு. கரியமில வாயு காற்றில் பல தலைமுறைக்குத் தங்கும். கரித்துகளோ ஓரிரு வாரங்களில் மழையோடு இறங்கிவிடும். ஆகவே புகையை இன்று நிறுத்தினால் பலனை இந்த மாதமே பார்க்கலாம். பருவநிலைச் செய்திகளில் இவ்வளவு சீக்கிரம் பலன் தரும் காரியம் அபூர்வம்.

சரி, எந்த விறகுக்கும் பொதுவான கதை இது. உமிக்கென்று ஒரு தனிச்சிக்கல் இருக்கிறது. மரத்தை எரித்தால் நூறு கிலோவுக்கு ஓரிரு கிலோ சாம்பல் வரும். உமியை எரித்தால் பதினெட்டு, இருபது கிலோ. அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. ஆற்று மணலும் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அதே பொருள்.

மணல் எப்படி நெல்லின் தோலுக்குள் போனது? நீரில் கரைந்து. வயலில் தேங்கும் தண்ணீரிலும் களிமண்ணின் ஈரத்திலும் சிலிக்கா மிகமிகக் கொஞ்சமாகக் கரைந்திருக்கிறது. பெரும்பாலான செடிகள் அதைக் கண்டுகொள்வதில்லை. நெல்லுக்கு அதை இழுத்துக்கொள்ளவே வேரில் தனிக் கதவுகள் உண்டு. அந்தக் கதவைத் தயாரிக்கும் மரபணுவை ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்தில் ஜியான் ஃபெங் மாவின் குழு 2006-இல் அடையாளம் கண்டது. வேர் உறிஞ்சிய நீர் தண்டு வழியே ஏறி, இலையிலும் நெல்மணியின் தோலிலும் ஆவியாகிறது. நீர் போய்விடும், சிலிக்கா அங்கேயே தங்கி இறுகும். ஓர் ஏக்கர் நெல்லின் உமியில் மட்டும் எழுபது கிலோவுக்கு மேல் இருக்கும். பூச்சி கடிக்காமலும் பயிர் சாயாமலும் இருக்க நெல் தனக்குத்தானே பூட்டிக்கொள்ளும் கவசம் இது. உமியை நக்கினால் மாட்டின் நாக்கு ஏன் அறுபடுகிறது என்பதற்கும், நம் பாட்டிகள் உமிக்கரியால் ஏன் பல் துலக்கினார்கள் என்பதற்கும் இதுவே விடை. இன்றைய பற்பசையிலும் பல்லைத் தேய்க்கும் பொருள் பெரும்பாலும் சிலிக்காதான்.

எரியும் உமிக்குள் இந்தக் கவசம் என்ன செய்கிறது என்று பாருங்கள். நாரும் லிக்னினும் வாயுவாகிப் போன பிறகும் சிலிக்கா நகர்வதில்லை. அது ஓர் எலும்புக்கூடாக நின்றுவிடும். பாய்லர் சாம்பலில் ஒன்றைக் கவனமாக எடுத்தால் அது இன்னும் உமியின் வடிவத்திலேயே இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால் வெளிப்புறத்துச் சொரசொரப்பின் புடைப்புகள்கூட வரிசை கலையாமல் தெரியும். கரி அந்தக் கூண்டுக்குள் சிக்கியிருக்கும். காற்று உள்ளே போய் அதை எரிக்க நேரம் பிடிக்கும். உமியில் இருக்கும் துளி பொட்டாசியம் விஷயத்தை இன்னும் மோசமாக்குகிறது. அதோடு சேர்ந்தால் சிலிக்கா குறைந்த சூட்டிலேயே மேற்பரப்பில் உருகி, கரியைக் கண்ணாடிப் பூச்சால் மூடிவிடும். அதன்பிறகு எவ்வளவு காற்று அடித்தாலும் அந்தக் கரி எரியாது. ஆலைச் சாம்பல் கறுப்பாக இருக்க இதுவே காரணம். உமியை முதலில் அமிலத்தில் ஊறவைத்துப் பொட்டாசியத்தைக் கழுவிவிட்டு எரித்தால் பால் வெள்ளைச் சாம்பல் கிடைக்கும்.

அந்தச் சாம்பலின் தலையெழுத்தை எழுதுவது வெப்பநிலை. 700 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ எரித்தால் சிலிக்காவின் அணுக்கள் ஒழுங்கில்லாமல், கலைந்த நிலையிலேயே இருக்கும். அதற்கு வெகுவாக மேலே போய் அங்கேயே நீடித்தால் அவை வரிசைகட்டிப் படிகமாகிவிடும். படிக சிலிக்காத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு; உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. படிகமாகாத சாம்பலோ சுண்ணாம்போடு சேர்ந்து கல்லாக இறுகும். பழைய கட்டடங்களில் சுண்ணாம்போடு செங்கல் தூளைக் கலந்து சுர்க்கி அரைத்தார்களே, அதே வேதியியல்.

பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த இந்தியரான பி. குமார் மேத்தா 1970-களில் இதைத் தொழில்நுட்பமாக்கினார். சூட்டைக் கட்டுக்குள் வைத்து எரித்த உமிச் சாம்பல் ஒரு கிராமை எடுத்து, அதன் நுண்துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஐம்பது சதுர மீட்டர் வரும். ஒரு சின்ன வீட்டின் தரைப்பரப்பு, ஒரு சிட்டிகைச் சாம்பலுக்குள். அந்தப் பரப்பெல்லாம் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும் இடம். கான்கிரீட்டில் சிமெண்டின் ஒரு பகுதிக்குப் பதில் அதைச் சேர்த்தால் உப்புநீர் எளிதில் புகாத கட்டடம் கிடைக்கும். உமிச் சாம்பலிலிருந்து எடுத்த சிலிக்காவை டயர் ரப்பரில் கலக்கப்போவதாக 2014-இல் குட்இயர் நிறுவனம் அறிவித்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சாம்பலிலிருந்து தூய சிலிக்காவைப் பிரிக்கும் முறையை உருவாக்கியது. ஆலையின் பின்புறம் குட்டையை மூடக் கொட்டும் அதே சாம்பல்தான்!

வெப்பநிலையை அப்படி நூல்பிடித்து நிறுத்த ஒரு வழி, பாய்மப் படுகை. திண்மப் பொருள் நீராக நடந்துகொள்ளும் அடுப்பு என்று பொருள். ஓர் இரும்பு அறையில் மணலைக் கொட்டி, அடியிலுள்ள ஆயிரம் துளைகளின் வழியே காற்றை அடிப்பார்கள். வேகம் குறைவாக இருக்கும்போது மணல் சும்மா கிடக்கும். ஓர் அளவைத் தாண்டியதும் மொத்த மணலும் உலையில் கொதிக்கும் அரிசி போலத் தளதளவென்று புரளத் தொடங்கும். கனமான பொருள் அதில் மூழ்கும், லேசானது மிதக்கும். ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் விங்க்லர் 1920-களின் தொடக்கத்தில் இதைக் கண்டார். இந்தக் கொதிக்கும் மணலைச் சூடேற்றி உமியைத் தூவினால், ஒவ்வோர் உமியும் பழுத்த மணலில் உருண்டு எரியும். மணல் வெப்பத்தைச் சமமாகப் பங்கிடுவதால் அறையின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது. உமியைத் தனியாக இப்படிப் புரளவைக்க முடியாது. படகு வடிவ ஓடுகள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். மணல்தான் அதைப் பிரித்துவிட வேண்டும். சாம்பல் மிகுந்த இந்திய நிலக்கரிக்கு ஏற்ற பாய்மப் படுகைக் கொதிகலன்களைத் திருச்சி பெல் நிறுவனம் செய்தது. அந்த அனுபவத்தின் பாடம் உமிக்கும் அப்படியே பொருந்துகிறது.

இன்னொரு வழி, எரிக்காமல் விடுவது. காற்றை வேண்டுமென்றே குறைப்பார்கள். 380 வாளிக்குப் பதில் நூறு வாளிதான். அப்போது உமியில் ஒரு பகுதி எரிந்து, அந்தச் சூட்டில் மீதி வாயுவாகும். அது பழுத்த கரியின் ஊடே இறங்கும்போது, கரியமில வாயு கரியிலிருந்து இன்னோர் அணுவைப் பெற்று கார்பன் மோனாக்சைடாகிறது. நீராவி உடைந்து ஹைட்ரஜன் தருகிறது. இரண்டும் எரிவாயு. இந்தக் கலவையை எஞ்சினில் செலுத்தி மின்சாரம் எடுக்கலாம். இதைச் செய்யும் கலத்துக்கு வாயுவாக்கி என்று பெயர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடிய கரி பஸ்களின் பின்னால் தொங்கிய உருளை அதுதான். டி.வி. சுந்தரம் அய்யங்கார் அதற்கென்றே டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்ற கருவியைத் தயாரித்து விற்றார்.

வாயுவாக்கியின் எதிரி தார். சூட்டில் ஆவியாக இருக்கும் தார், எஞ்சினின் வால்வில் பட்டதும் குளிர்ந்து பசையாக ஒட்டிக்கொள்ளும். சில மணி நேரத்தில் எஞ்சின் நின்றுவிடும். இந்திய அறிவியல் கழகத்தில் எச்.எஸ். முகுந்தா இதில் இறங்கினார். ராக்கெட் எரிபொருள் எப்படி எரிகிறது என்று ஆராய்ந்தவர் அவர். ராக்கெட்டுக்குப் பயன்பட்ட அதே கணக்குகளை விறகுத்துண்டுக்குப் போட்டுப் பார்த்தார். காற்றைப் பக்கவாட்டில் மட்டுமல்லாமல் மேலிருந்தும் விட்டால், கலத்துக்குள் பழுத்த கரியின் அடுக்கு நீளமாகும். தார் அந்த நீண்ட நெருப்புப் பாதையைக் கடக்கும்போதே உடைந்துவிடும். கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் ஹொசஹள்ளி என்ற சிற்றூருக்கு 1988-இல் இப்படித்தான் விளக்கு வந்தது. பிகாரின் தம்குஹாவில் 2007-இல் ஹஸ்க் பவர் என்ற இளைஞர்கள் குழு உமியையே வாயுவாக்கி ஊருக்கு மின்சாரம் கொடுத்தது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒன்றரை கிலோ உமி ஆகும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் தைக்கும் 40 கிலோ சிப்பம் ஒன்றின் உமியில் ஐந்து யூனிட். ஒரு மின்விசிறி மூன்று நாள் இரவும் பகலும் ஓடும்.

ஆனால் உமியை அப்படியே கலத்தில் கொட்டினால் சரிவராது. லேசாக இருப்பதால் நடுவில் பாலம் கட்டி நின்றுவிடும். சிலிக்காக் கூண்டு கரியைச் சரியாக வேலைசெய்ய விடாது. அழுத்திக் கட்டியாக்கிப் போடுவதே நல்லது என்பது பெங்களூர்க்காரர்களின் அனுபவம். கட்டியாக்க மின்சாரம் செலவாகும், அச்சு தேயும். இதே சிலிக்காதான் அச்சையும் தின்கிறது.

சமையலுக்கு மட்டும் என்றால் விஷயம் எளிது. டெல்டா வீடுகளில் இருந்த உமி அடுப்பை நினைத்துப் பாருங்கள். தகர டின்னின் நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் உமியைக் கொட்டி இடித்து இறுக்கி, கட்டையை உருவுவார்கள். உருவிய துளைதான் புகைபோக்கி, அடுப்பு, வாயுவாக்கி எல்லாம். கொஞ்சம் புகைந்தாலும் ஒரு பொழுது முழுக்கச் சூடு கொடுக்கும். பிலிப்பைன்ஸ் பேராசிரியர் அலெக்சிஸ் பெலோனியோ அதே அடுப்பின் அடியில் ஒரு சிறு விசிறியை வைத்து, உமியை மேலிருந்து பற்றவைத்தார். நெருப்பு மெல்லக் கீழே இறங்க, வாயு மேலே வந்து பர்னரில் நீலச் சுடராக எரிந்தது. சிலிண்டர் அடுப்பின் அதே நீலம். 2008-இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

வைக்கோல் பற்றி ஒரு வார்த்தை. அதில் பொட்டாசியம் உமியைவிடப் பல மடங்கு. பாய்லரில் போட்டால் சாம்பல் உருகிக் குழாயைச் சுற்றிப் பாறையாகிவிடும். கலிஃபோர்னியாவில் பிரையன் ஜென்கின்ஸ் கண்ட தீர்வு வியப்பானது: வைக்கோலை மழையில் நனையவிட்டுப் பிறகு காயவைப்பது. பொட்டாசியம் நீரில் கரைந்து வயலுக்கே திரும்பிவிடும். உரமும் மிச்சம், பாய்லரும் மிச்சம்.

ஈரம் எல்லா எரிபொருளுக்கும் பகைதான். டெல்லி திமார்பூரில் 1980-களின் பிற்பகுதியில் டேனிஷ் தொழில்நுட்பத்தில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கக் கட்டிய ஆலை சில வாரங்களிலேயே நின்றது. நம் குப்பையில் காய்கறித் தோலும் சோறும் ஈரமும் அதிகம். அந்த நீரை ஆவியாக்கியது போக மிஞ்சிய சூடு போதவில்லை. ஈரக் குப்பையை நுண்ணுயிர்களிடம் கொடுத்துச் சாண எரிவாயுக் கலத்தில் மீத்தேனாக்குவதே சரி. நெல் ஊறவைத்த நாற்றத் தண்ணீருக்கும் அதே வழி.

இந்த ஆராய்ச்சியெல்லாம் மன்னார்குடிக்கு நேரடியாகக் கைகொடுக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது ஐப்பசி மழை. குறுவை அறுவடை முடிந்து நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து கிடக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதம் என்பது விதி. நெல்லோ 22-இல் நிற்கும். தார்ப்பாய்க்குள் நெல் முளைகட்டுவதைப் பார்த்துக்கொண்டு விவசாயி ஈரப்பத விதியைத் தளர்த்தும் ஆணைக்குக் காத்திருப்பார். இந்தத் துயரம் புதியதல்ல. ஆடுதுறை 27 என்ற குறுகிய கால ரகம் 1965-இல் வந்தபோது டெல்டாவின் மகசூல் எகிறியது. கூடவே அறுவடை மழைக்குள் போய் மாட்டிக்கொண்டது. அந்த ஈர நெல்லுக்கு விடை தேடத்தான் 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சிறிய ஆய்வகம் தொடங்கப்பட்டது. நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, தஞ்சாவூருக்கு இடம் மாறி, இன்று உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமாகப் புதுக்கோட்டைச் சாலையில் நிற்கிறது.

ஒரு டன் நெல்லை 22 சதவீதத்திலிருந்து 17-க்குக் கொண்டுவர அறுபது லிட்டர் நீரை ஆவியாக்க வேண்டும். அடுப்பிலும் உலர்த்தியிலும் மூன்றில் இரண்டு பங்கு சூடு வீணாகப் போனால்கூட, அதற்கு முப்பது கிலோ சொச்சம் உமி போதும். உலர்த்துவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சூடு அதிகமானால் மணியின் வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் தங்கி, அரிசி விரிசல் விட்டு நொய்யாகும். ஆகவே கொஞ்சம் காயவைத்து, சில மணி நேரம் ஓய்வு கொடுத்து, உள்ஈரம் வெளியே வந்ததும் மறுபடி காயவைக்க வேண்டும். விதை நெல்லென்றால் 43 டிகிரிக்கு மேல் போகவே கூடாது, கரு செத்துவிடும்.

இங்கேதான் சுத்தமான எரிப்பு அடுக்களை வரைக்கும் வந்துவிடுகிறது. அடுப்பின் சூடான வாயுவைக் காற்றோடு கலந்து நேரே நெல்லில் செலுத்துவதே மலிவான முறை. புகை கலந்தால் அரிசியில் புகை நாற்றம் ஏறும். அதனால் இதற்கான அடுப்பில் உமி முதலில் சாய்ந்த படிக்கட்டுத் தட்டிகளில் இறங்கி வெப்பச்சிதைவாகிறது. பிறகு அந்த வாயு வட்டமான செங்கல் அறைக்குள் சுழன்று நுழைகிறது. சுழற்சியில் சாம்பல் சுவர்ப்பக்கம் ஒதுங்கிக் கீழே விழும். நடுவில் மிச்சவாயு எரிந்து முடியும். வெளியே வருவதில் கண்ணுக்குப் புகையும் மூக்குக்கு வாசனையும் இருக்கக்கூடாது. இதே மழை, இதே ஈர நெல் பிரச்சினை உள்ள வியட்நாமின் மேகாங் டெல்டாவில் 1980-களிலிருந்து உமி அடுப்பு வைத்த படுக்கை உலர்த்திகள் பரவி, ஆயிரக்கணக்கில் இயங்குகின்றன. ஹோசிமின் நகரின் வேளாண் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் உள்ளூர்ப் பட்டறைகளில் செய்யும்படி அவற்றை வடிவமைத்தார்கள்: செங்கல், தகரம், ஒரு விசிறி.

நம் பட்டறைகளிலும் இந்த மூன்றும் இருக்கின்றன. உமி இன்று இலவசமல்ல என்பது உண்மைதான். செங்கல் சூளையும் பாய்லர்களும் அதை விலைகொடுத்து வாங்குகின்றன. ஆனால் ஒரு டன் நெல் தன்னோடு கொண்டுவரும் உமி 200 கிலோ. அதைக் காயவைக்கப் போவது முப்பது கிலோ சொச்சம். மீதி 165 கிலோவுக்கு மேல் ஆலையின் பாய்லருக்கு அப்படியே மிஞ்சும்.